ஒரு மாதிரியா இருக்கு

பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையம்,
புதன்கிழமை, பிரஷர் பார்க்கும் நாள்.
இருபத்து மூன்றாம் டோக்கன் எமரன்சியா
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
கையை நீட்டியபடி சொல்கிறாள்:
ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்.

ஒரு மாதிரி என்றால்?
ஒரு மாதிரிதான்.

மேஜை இழுப்பறையில் என் பரீட்சைப் புத்தகம் கிடக்கிறது.
அயர்லாந்துக்குப் போக ஆங்கிலம் எழுத வேண்டும்.
முப்பத்தியோராம் பக்கத்தில் கோடிட்ட இடம்:
நோயாளி வொர்ரீடா, ஆங்ஷியஸா?
இரண்டுக்கும் அகராதி கவலை என்றுதான் சொன்னது.
நேற்று இரவு மாற்றி மாற்றிப் போட்டு
இரண்டு தடவையும் தப்பு வாங்கினேன்.

பாலத்துக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
ஒரே தண்ணீரைக் குறுக்கே நின்று பார்த்து
குணத்துக்குத் தக்கபடி பேர் பிரித்த ஊர்.
இதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டது.
அல்லது பிரித்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.
நான் கமுதிக்காரி.
வேலைக்கு வந்த பிறகுதான் கடல்.

வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருக்காரா என்றேன்.
சிரித்தாள்.
அதெல்லாம் விட்டு நாலு வருசம் ஆச்சு.
படகை மண்டபத்துக்காரருக்குக் குடுத்தாச்சு.
இப்ப ஐஸ் வண்டி ஓட்டுறாக.
ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை.

அவர் போன காலத்தில்
கவலை ஒரு வேலையாக இருந்ததாம்.
டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பார்,
தெக்கயா, கச்சத்தீவுப் பக்கமா,
கூடப் போன நாலு பேரில்
யார் வீட்டுக்கு முதலில் போன் வந்தது,
கணக்குப் போட்டுக்கொண்டே ஜெட்டிக்கு நடப்பாள்.
அணியத்தின் பச்சை நிறம் கண்ணில் பட்டதும்
கணக்கு முடிந்துவிடும்.
உதறிப் போட்ட வலை மாதிரி
நெஞ்சு காலியாகக் காயும்.

இப்போது
மனுசன் பக்கத்தில் படுத்திருக்கிறார்.
மகள் ராமநாதபுரத்தில் பி.காம்.
சங்கத்துக் கடன் அடைந்துவிட்டது.
கச்சான் காற்றுகூட அடங்கின ராத்திரி,
மூன்று மணிக்கு விழிப்பு தட்டி
நெஞ்சுக்குள் யாரோ வள்ளம் தள்ளுகிறார்கள்.
எழுந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள்.
சிலிண்டர் மூடித்தான் இருக்கிறது.
தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கிறது.
அவர் மூக்கருகே விரல் வைத்தால் சூடு.
ஒன்றும் இல்லை.
அந்த ஒண்ணுமில்லதான் சிஸ்டர்.

ஜன்னல் வழியே துறைமுகக் கம்பம் தெரிகிறது.
மூன்று நாளாய் ஒன்றாம் எண் கூண்டு.
புயல் எங்கோ அந்தமான் பக்கம்.
இங்கே உடைமர இலைகூட அசையவில்லை.
பையன்கள் கம்பத்தையே ஸ்டம்ப்பாக வைத்து
கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
சட்டென்று புரிந்த மாதிரி இருந்தது
முப்பத்தியோராம் பக்கம்.
ஒன்று, பேர் எழுதிய படகுக்குக் காத்திருப்பது.
மற்றது, கூண்டு மட்டும் ஏறி நிற்பது.
இதையெல்லாம் விடைத்தாளில் எழுத முடியாது.

கூண்டைப் பார்த்தால் பயமா என்று கேட்டேன்.
இல்லையே.
அது ஏறி இருக்கப்ப நல்லாத்தான் இருக்கு,
அப்ப ஊருக்கே இருக்கும்ல.
எறக்கினதும்தான் நான் தனியா ஆயிடுறேன்.

நாடி தொண்ணூற்று எட்டு. பிரஷர் சரியாகவே இருந்தது.
அட்டையில் வொர்ரீட் என்று எழுதி அடித்தேன்.
ஆங்ஷியஸ் எழுதப் போய்
எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்து நிறுத்தினேன்.
வெளியே இன்னும் பதினாறு பேர்.
கையை விட்டிருக்கலாம், விடவில்லை.
என் விரலுக்கடியில் அது
எதையோ பிடிக்கப் போவதுபோல
ஓடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் கேட்டா என்ன சொல்ல?
எனக்குச் சொன்னதையே சொல்லுங்க.

அட்டையை மடியில் செருகிக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினாள்:
உங்களுக்கும் இருக்கா சிஸ்டர்?

எனக்கு இருப்பது வொர்ரி.
விசா, நகைக்கடன் வட்டி, டிசம்பர் பரீட்சை.
பட்டியல் போடலாம், வரிசையாக, பகலில்.

இருபத்து நாலு, என்று கூப்பிட்டேன்.